ஆயிரம் ரூபாய் வெள்ளிக்காசும் ஒரு டம்ளர் தண்ணீரும்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் யாருக்காவது பரணிலிருந்தோ பீரோவிலிருந்தோ ஒரு காசு அகப்பட்டால், அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். நான் பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன், நாணயம் சேகரிக்கிறேன் என்பது தெருவுக்கே தெரியும். வருகிறவர்கள் முதலில் கேட்பது "இது என்ன விலைக்குப் போகும் டீச்சர்?" என்பதுதான். நியாயமான கேள்வி. வீட்டில் பணமுடை இருக்கும்போது வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. இது என்ன, எவ்வளவு எடை, எந்த உலோகம், யார் அடித்தது, வாங்கியபோது வந்த தாள் எங்கே. இவற்றுக்குப் பதில் நம் கையில் இல்லாவிட்டால், விலையை எதிரில் இருப்பவர்தான் சொல்வார்; நாம் தலையாட்டிவிட்டு வர வேண்டியதுதான்.

பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்தது தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் ஆயிரம் ரூபாய் வெள்ளி நாணயம். அவருடைய கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். ஊர்ப் பாசத்தில் பணம் கட்டி வரவழைத்து வைத்திருந்திருக்கிறார். அவர் காலமானபின் அது பட்டுப்புடவைகளுக்கு நடுவில் கிடந்தது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். "நகைக்கடையில் காட்டலாமா, வேறு எங்கேயாவது காட்டலாமா?" என்று கேட்டார்.

அந்த நாணயத்தை நான் படத்தில் பல தடவை பார்த்திருக்கிறேன், கையில் எடுத்தது அன்றுதான். உள்ளங்கையை நிரப்பும் அகலம், 44 மில்லிமீட்டர். ஒரு பக்கம் அசோகச் சிங்கங்கள், மறுபக்கம் பெரிய கோயில், 2010 என்ற ஆண்டு. கோயில் எழும்பி ஆயிரம் ஆண்டு நிறைவடைந்ததைக் கொண்டாட மத்திய அரசின் மும்பை நாணயச்சாலை அடித்தது. இந்தியாவில் ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள முதல் நாணயம் இதுவே. அதற்குமுன் 1954-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆயிரம் ரூபாய் நோட்டிலும் இதே பெரிய கோயில்தான் இருந்தது. அந்த நோட்டு 1978-இல் செல்லாததாக்கப்பட்டது. ஆயிரம் என்ற எண்ணுக்கு நோட்டிலும் காசிலும் இந்த நாடு இந்தக் கோயிலைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. இதை அக்காவிடம் சொன்னபோது அவர் நாணயத்தைத் திரும்ப வாங்கி, முதல் தடவையாகப் பார்ப்பவர்போல் உற்றுப் பார்த்தார்.

கோயிலைத்தான் காட்டுகிறது என்றாலும், அது ஒரு தலைநகரத்தின் நாணயம் என்றே நான் நினைக்கிறேன். 9-ஆம் நூற்றாண்டின் நடுவில் விஜயாலய சோழன் தஞ்சையைப் பிடித்தான். ராஜராஜன் காலத்தில் அது பேரரசின் தலைநகராக நின்றது. மகன் ராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் தலைநகரை மாற்றிய பிறகும் தஞ்சாவூர் ஓய்ந்துவிடவில்லை. நாயக்கர்கள் அங்கிருந்து ஆண்டார்கள், பிறகு மராத்தியர் ஆண்டார்கள். 1855-இல் ஆங்கிலேயக் கம்பெனி அந்த அரசை இணைத்துக்கொண்டதோடுதான் தஞ்சாவூரின் தலைநகர் வாழ்வு முடிந்தது. இத்தனை அரச மரபுகளுக்கு இருக்கை கொடுத்த ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

இனி வேலைக்கு வருகிறேன். அக்காவின் நாணயம் உறையிலிருந்து வெளியே வந்து, வெறும் பெட்டியில் கிடந்தது. பெட்டி இருந்தது, சான்றுத்தாள் இல்லை. இணையத்தில் வெள்ளிமுலாம் பூசிய போலிகள் தாராளமாகத் திரிகிற காலம் இது. அக்காவின் கணவர் வாங்கியதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அதை வாங்க வருகிறவருக்கு என் நம்பிக்கை போதுமா? எனவே எடை போட்டோம்.

இந்த நாணயத்துக்கு அரசு நிர்ணயித்த எடை 35 கிராம். உலோகம் 80 விழுக்காடு வெள்ளி, 20 விழுக்காடு செம்பு. என்னிடம் இருப்பது நகை எடை போடும் சிறிய டிஜிட்டல் தராசு. ஒரு கிராமில் நூற்றில் ஒரு பங்கு வரை காட்டும். நாணயத்தை வைத்தோம்: 35.01. அகலத்தை அளந்தோம்: 44. காந்தத்தை நாணயத்தில் படாமல் பக்கத்தில் கொண்டுபோனோம், இழுக்கவில்லை. இவ்வளவும் ஒரு நல்ல போலியும் தேறக்கூடிய தேர்வுதான். பித்தளையில் கொஞ்சம் தடிமனாக அடித்தால் 35 கிராமைக் கொண்டுவந்துவிடலாம். அதனால் தண்ணீர் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதைச் செய்ய எந்தப் பரிசோதனைக் கூடமும் வேண்டாம். நாணயம் நெட்டாக இறங்குமளவு வாயகன்ற, எடை குறைந்த ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் முக்கால் பாகம் வாலை வடித்த தண்ணீர் ஊற்றுங்கள். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்தால் திட்டுத் திட்டாகப் படியும். டம்ளரைத் தராசில் வைத்துச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். நாணயத்தைச் சுற்றி ஒரு மெல்லிய நரம்பால் சுருக்கிட்டுத் தூக்குங்கள். காசிமேட்டில் மீன்பிடிக் கடைகளில் கிடைக்கும் தங்கூசி நரம்பில் மிக மெல்லியதை நான் இதற்கென்று வைத்திருக்கிறேன். நாணயத்தை மெதுவாகத் தண்ணீரில் இறக்குங்கள். முழுதும் மூழ்க வேண்டும், ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. நீர்க்குமிழி ஒட்டியிருந்தால் லேசாக அசைத்து விடுங்கள். கை நடுங்கினால் எண் நிற்காது. நரம்பின் மறுமுனையை மேலே ஒரு கரண்டிக்காம்பில் கட்டி, காம்பை இரண்டு பாத்திரங்களின் மேல் பாலம்போல் வைத்துவிட்டால் நிதானமாகப் படிக்கலாம்.

இப்போது தராசு காட்டுவது, நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. அக்காவின் சமையலறை மேடையில் எண் 3.46-இல் நின்றது. 35.01-ஐ 3.46-ஆல் வகுத்தால் 10.1-க்குச் சற்று மேல் வரும். அதுதான் நாணயத்தின் அடர்த்தி, அதாவது அதே கன அளவுத் தண்ணீரைவிட அது எத்தனை மடங்கு கனம் என்பது. வெள்ளியின் அடர்த்தி ஏறத்தாழ 10.5, செம்பின் அடர்த்தி ஏறத்தாழ 9. எண்பதுக்கு இருபது கலந்தால் வரவேண்டியது 10.1 தான். பித்தளையாக இருந்தால் தராசு 4 கிராமைத் தாண்டிக் காட்டியிருக்கும். பின்னாளில் வந்த பல நினைவு நாணயங்களில் வெள்ளி 50 விழுக்காடுதான், உதாரணமாக 2023-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்காக வெளிவந்த 75 ரூபாய் நாணயம். அதுவும் 35 கிராம், அதே அகலம். அதைத் தண்ணீரில் இறக்கினால் எண் 3.67-ஐ ஒட்டி வர வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியது என்பதால்தான் நூற்றில் ஒரு பங்கு காட்டும் தராசு தேவைப்படுகிறது.

ஒரு எச்சரிக்கை. ப்ரூஃப் என்று விற்கப்படும், கண்ணாடிபோல் பளபளக்கும் நாணயத்தை உறையிலிருந்து எடுத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதன் பின்புலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் காய்ந்தாலும் தடம் தெரியும். அக்காவுடையது சாதாரணப் பளபளப்புக் கொண்டது, ஏற்கெனவே வெளியில் கிடந்தது. முடிந்ததும் மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தோம். தேய்க்கவில்லை.

பெரிய கோயில் நாணயத்தை இப்படி எடை போட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்குக் காரணம் உண்டு. எடையை எழுதிவைப்பதில் அந்தக் கோயிலுக்கு இணை இல்லை. ராஜராஜன் தான் கொடுத்தவற்றையும், அக்கன் குந்தவை கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் ஸ்ரீவிமானத்திலே கல்லில் வெட்டச் சொன்னான். பொன்னால் ஆன ஒவ்வொரு பாத்திரமும் ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறை பார்க்கப்பட்டது. நகைகளில் இருந்த மணிகளுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்ற அந்தக் கால எடை அளவுகளில் கடைசி நுணுக்கம் வரை எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு அந்தப் பொன்பாத்திரங்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. எடை மட்டும் இருக்கிறது. அந்த எழுத்தை வைத்துத்தான் கோயிலின் செல்வத்தை நாம் இன்று பேசுகிறோம். அக்காவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, நாணயத்தின் பெயர், ஆண்டு, எடை, அகலம், தண்ணீரில் காட்டிய எண், அன்றைய தேதி எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். நான்கு கோணத்தில் கைப்பேசியில் படமும் எடுத்தோம்.

பிறகு சௌகார்பேட்டைக்குப் போனோம். எங்கள் பகுதியில் வெள்ளி என்றால் கால்கள் தாமாக அங்கேதான் போகும். பஸ் நிலையத்துக்கு வள்ளலார் நகர் என்று பெயர் வைத்து எத்தனையோ காலமாகிறது. கண்டக்டர் இன்னமும் "மின்ட், மின்ட்" என்றுதான் குரல் கொடுக்கிறார். கம்பெனியின் நாணயச்சாலை இந்தத் தங்கசாலையில்தான் 19-ஆம் நூற்றாண்டில் இயங்கியது. பிறகு அந்த இடம் அரசு அச்சகமானது. காசு அடித்த தெருவிலேயே ஒரு காசுக்கு விலை கேட்கப் போகிறோம் என்று அக்காவிடம் சொன்னேன். அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

முதலில் நுழைந்த வெள்ளிக்கடையில் நாணயத்தை வாங்கித் தராசில் வைத்தார்கள். கடைக்காரர் கோயிலையும் பார்க்கவில்லை, ஆண்டையும் பார்க்கவில்லை. "35 கிராம், 80 டச். 28 கிராம் வெள்ளி. உருக்குக் கழிவு போகக் கணக்குப் போட்டுத் தருகிறேன் அம்மா" என்றார். டச் என்பது இந்தத் தெருவில் தரத்துக்கு வழங்கும் சொல். அவர் சொன்ன தரம் சரி, கணக்கும் சரி. ஏமாற்ற எண்ணியவராகவும் தெரியவில்லை. அவருக்கு வெள்ளி என்பது உருக்குவதற்கு உரிய பொருள். நான் சொன்னேன்: "ஐயா, இது அரசு நாணயம். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி நாணயத்தை உருக்கவோ அழிக்கவோ கூடாது. ஏழாண்டு வரை சிறைத் தண்டனை இருக்கிறது." அவர் நாணயத்தைத் திருப்பிப் பார்த்தார். அசோகச் சிங்கத்தைக் கண்டதும் பேசாமல் அக்காவின் கையில் கொடுத்துவிட்டார்.

வெள்ளி விலை ஏறிக்கிடக்கும்போதெல்லாம் எனக்கு உண்டாகும் பெரிய கவலை இதுதான். நினைவு நாணயங்களைக் குறைந்த எண்ணிக்கையில்தான் அடிக்கிறார்கள். கணவரோ அப்பாவோ ஆசையாக வாங்கி வைத்தது, அவர் போன பிறகு கொலுசோடும் குங்குமச் சிமிழோடும் சேர்ந்து பழைய வெள்ளியாகத் தராசில் ஏறிவிடுகிறது. விற்க வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பிள்ளையின் படிப்புக்கு விற்காமல் எதற்கு வைத்திருப்பது? நாணயமாக விற்றுவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். நாணயம் சேகரிப்பவரிடம் போகும் காசு இன்னும் நூறு ஆண்டு இருக்கும். விற்கிறவருக்கும் பெரும்பாலும் வெள்ளி விலைக்கு மேல் கிடைக்கும்.

அதே தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். கைவிரல் ரேகை முழுவதும் வெள்ளிக்கரி படிந்த மனிதர். அவரிடம் காட்டினோம். முதலில் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு நாணயத்தின் விளிம்பை மட்டும் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தார். "உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள் டீச்சர். ஒரு கோடு விழுந்தாலும் இதன் மதிப்புப் போய்விடும். கொலுசில் கோடு விழுந்தால் நான் பாலிஷ் போட்டு எடுப்பேன். இதில் எடுக்க முடியாது" என்றார். எக்ஸ் கதிர் இயந்திரத்தில் வைத்துத் தரம் பார்ப்பது நாணயத்துக்குச் சேதம் செய்யாது என்றும் சொன்னார். அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதை நான் சேர்த்துச் சொல்ல வேண்டும். கனமான முலாம் பூசியிருந்தால் அந்த இயந்திரம் ஏமாறும், தண்ணீர் அவ்வளவு எளிதில் ஏமாறாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நல்லது.

கடைசியில் ஒரு நாணயக் கண்காட்சியில் சந்தித்துப் பழகிய சேகரிப்பாளர் ஒருவர் வாங்கிக்கொண்டார். சென்னையில் நாணயம் சேகரிப்போர் சங்கங்கள் உண்டு, கண்காட்சிகளும் அவ்வப்போது நடக்கின்றன. ஒருவரிடம் மட்டும் விலை கேட்காமல் கண்காட்சியில் பலரிடம் விசாரித்துவிட்டால் நடப்பு விலை தெரிந்துவிடும். சான்றுத்தாள் இருந்திருந்தால் இன்னும் கூடுதலாகக் கொடுத்திருப்பேன் என்று வாங்கியவரே சொன்னார். பெட்டி, தாள், உறை மூன்றையும் நாணயத்தின் பாகமாக எண்ணி வையுங்கள். முக்கியமாக, வீட்டில் இன்னொருவருக்கு அது என்னவென்று சொல்லி வையுங்கள். அக்காவின் கணவர் சொல்லியிருந்தால் அது புடவைக்கு நடுவில் கிடந்திருக்காது. வாங்கியவர் கொடுத்த சீட்டில் நாணயத்தின் பெயரையும் எடையையும் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார் அக்கா. முதல் தவணைக் கட்டணம் அந்தப் பணத்தில் கட்டப்பட்டது.

பாதுகாப்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், அதுவும் வடசென்னையில் இருப்பவர்களுக்கு. இங்கே வெள்ளி சீக்கிரம் கறுக்கும். மாம்பலத்தில் இருக்கும் என் அத்தை வீட்டுக் குத்துவிளக்கு மாதக்கணக்கில் பளிச்சென்று இருக்கிறது. எங்கள் வீட்டில் அதே வெள்ளி வெகு சீக்கிரம் பழுப்பேறிவிடுகிறது. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியின் மேற்பரப்பில் வெள்ளி சல்பைடாக மாறுவதுதான் அந்தக் கறுப்பு. சாக்கடை தேங்கிய கால்வாயிலிருந்து எழும் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. பக்கிங்காம் கால்வாய்க் கரையில் குடியிருப்பவர்களுக்கு அந்த வாடையை நான் விளக்க வேண்டியதில்லை. கடல் காற்றின் ஈரம் அந்த வேலையை இன்னும் விரைவுபடுத்துகிறது. 80 விழுக்காடு வெள்ளி நாணயத்தில் செம்பும் இருப்பதால், ஈரமும் உப்பும் சேர்ந்தால் பச்சைக் களிம்பும் வரும்.

செய்யக்கூடாதவற்றில் முதலாவது, தேய்ப்பது. விபூதி, புளி, பல்பொடி, பாத்திரத்தூள் எல்லாம் விளக்குக்கும் தட்டுக்கும் சரி. நாணயத்தில் அவை கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறல்களைப் போடும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் வெந்நீரும் வைத்துக் கறுப்பை எடுக்கும் முறையும் நாணயத்தின் ஒளியை மங்கவைத்துவிடும். மேலே மெல்லிதாகப் படிந்த இயல்பான நிறமாற்றத்தைச் சேகரிப்பாளர்கள் குறையாகக் கருதுவதில்லை. கழுவிய நாணயத்தைத்தான் ஒதுக்குகிறார்கள். அடுத்தது ரப்பர் பேண்டு. எத்தனையோ வீடுகளில் காசை உறையில் போட்டு ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருக்கிறார்கள். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். வெள்ளிக்கு அதைவிடப் பெரிய பகை வீட்டுக்குள் இல்லை; பேண்டு இருந்த இடத்தில் கறுப்புக் கோடு அப்படியே பதிந்துவிடும். மூன்றாவது, பிவிசி பிளாஸ்டிக் உறைகள். மிருதுவான, ஒருவித வாடை வீசும் இந்த உறைகள் நாளடைவில் பிசுபிசுப்பான பச்சைப் படலத்தை உண்டாக்கும். நாணயத்துக்கென்று கடினமான, பிவிசி இல்லாத வட்ட உறைகள் விற்கின்றன. 44 மில்லிமீட்டர் அளவு கேட்டு வாங்குங்கள். அந்த உறையை, ஈரத்தை உறிஞ்சும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும், குறிப்பாக ஐப்பசி மழை தொடங்கும் முன்பு. நாணயத்தை எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள். விரல் வியர்வையின் உப்பு அன்றைக்குத் தெரியாது. மாதங்கள் கழித்து விரல்ரேகை அச்சாக மேலே எழும்.

டப்பா எங்கே இருக்க வேண்டும் என்பதும் எங்களுக்கு ஒரு கேள்விதான். 2015 டிசம்பர் மழையையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் நாங்கள். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரங்களும் புகைப்படங்களும் சாக்கடைத் தண்ணீரில் ஊறிய வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. மேல்தட்டில் வையுங்கள். சான்றுத்தாளைத் தனியாக ஒரு தண்ணீர் புகாத உறையில் போட்டு வையுங்கள்.

இந்த நாணயத்தை அக்கா விற்பதற்கு முன் ஒருநாள் அவருடைய அனுமதியோடு பள்ளிக்கு எடுத்துச் சென்றேன். கூடவே என்னிடமிருந்த ராஜராஜனின் செப்புக்காசு ஒன்றையும் கொண்டுபோனேன். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அருகில் ஸ்ரீ ராஜராஜ என்ற எழுத்து. ஆயிரம் ஆண்டுக்கு முன்பு இந்தக் காசு ஈழம் வரை புழங்கியது. பிற்காலத்தில் ஈழத்து மன்னர்களும் இதே அமைப்பில் தங்கள் காசுகளை அடித்தார்கள். வெள்ளி நாணயத்தில் இந்தியும் ஆங்கிலமும் இருப்பதைப் பார்த்த ஒரு மாணவி, "தமிழ் ஏன் இல்லை?" என்று கேட்டாள். எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. பிறகு செப்புக்காசைப் பூதக்கண்ணாடியில் காட்டினேன். ராஜராஜன் தன் பெயரை அதில் நாகரி எழுத்தில்தான் பொறித்திருக்கிறான். கோயில் சுவரெங்கும் தமிழில் வெட்டியவன், கடல் கடந்து புழங்கும் காசில் ஏன் அப்படிச் செய்தான் என்று வகுப்பு முழுவதும் வாதாடியது. மணி அடித்த பிறகும் ஓயவில்லை. அதே 2010 நினைவாக ஐந்து ரூபாய் நாணயமும் புழக்கத்துக்கு வந்தது, மஞ்சள் நிறம். அது இப்போதும் கடைக் கல்லாவில் சில்லறையோடு தட்டுப்படும் என்று சொன்னதும், தேடிக் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள். ஐந்து ரூபாயில் தொடங்கலாம். வெள்ளி பிறகு வரட்டும்.

2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழனுக்கு நினைவு நாணயம் வெளியிடப்பட்டதிலிருந்து, எப்படி வாங்குவது என்று கேட்டுப் பலர் வருகிறார்கள். நினைவு நாணயங்களை மத்திய அரசின் நாணயச்சாலை நிறுவனம் தன் இணையதளத்தில் முன்பதிவுக்கு வைக்கிறது. குறிப்பிட்ட காலம் மட்டும் பதிவு திறந்திருக்கும். பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும், நாணயம் பிறகு அஞ்சலில் வரும். பதிவுக் காலம் முடிந்தபின் விற்பனையாளர்களிடம் கூடுதல் விலைதான். அதற்கும் அவசரப்படாமல், ஒரே நாணயத்துக்குச் சிலரிடம் விலை கேட்டுப் பாருங்கள். சௌகார்பேட்டையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கோயில் கோபுரமும் சாமி உருவமும் போட்டு வைத்திருப்பவை பதக்கங்கள். அவை நல்ல வெள்ளியாக இருக்கலாம், பரிசளிக்க அழகாகவும் இருக்கலாம், ஆனால் நாணயம் அல்ல. நாணயத்தில் அசோகச் சிங்கமும், பாரத் என்ற பெயரும், ரூபாய் மதிப்பும், ஆண்டும், அடித்த சாலையின் குறியும் இருக்கும். ஆண்டுக்குக் கீழே வைர வடிவப் புள்ளி இருந்தால் மும்பை, ஐந்துமுனை நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், வட்டப்புள்ளி இருந்தால் நொய்டா, குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. மும்பையின் ப்ரூஃப் நாணயத்தில் வைரத்துக்குப் பதில் எம் என்ற ஆங்கில எழுத்து இருக்கும்.

பொட்டலம் வீட்டுக்கு வந்த அன்றே, பிரிப்பதற்கு முன்பே கைப்பேசியில் படம் பிடிக்கத் தொடங்கிவிடுங்கள். முத்திரை, பெட்டி, தாள், நாணயத்தின் இரண்டு பக்கம் எல்லாம் ஒரே பதிவில் வரட்டும். உறையோடு சேர்த்து எடை போட்டு அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது வேறொன்றை உள்ளே மாற்றி வைத்தால் அது காட்டிக்கொடுக்கும். கட்டிய பணத்தின் ரசீதைத் தாளில் எடுத்துப் பெட்டிக்குள் வையுங்கள். அனலில் அச்சிடும் ரசீதாக இருந்தால் எழுத்து மங்கிவிடும், நகல் எடுத்து வைக்க வேண்டும்.